பாலின வெளிப்பாட்டை மனநோய் என்று எழுதிவிட்டால்: அந்தப் பதிவை மறுத்துத் திருத்தும் வழி

என் அக்காள் மகனுக்கு ஒன்பது வயதானபோது அவனுடைய கேஸ் ஷீட்டில் ஒரு மனநல மருத்துவர் எஃப்64.2 என்று எழுதினார். அந்த எண்ணுக்குப் பொருள் ‘குழந்தைப் பருவப் பாலின அடையாளக் கோளாறு’. அதற்குக் காரணமாக மேல் வரிகளில் அவர் குறித்திருந்தவை மூன்றே மூன்று: பெண் பிள்ளைகளோடு மட்டும் விளையாடுகிறான், துப்பட்டாவைப் பின்னல்போலத் தலையில் கட்டிக்கொண்டு ஆடுகிறான், முடி வெட்டிக்கொள்ள மறுக்கிறான். பள்ளியிலிருந்து ‘டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கி வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பியதால்தான் அக்கா அவனை அங்கே அழைத்துப் போயிருந்தாள். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான், படித்தான். அவனுக்கு இருந்த ஒரே துன்பம் வகுப்பில் மற்ற பையன்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை.

அந்தப் பதிவைத் திருத்த எங்களுக்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. முதல் மாதம் முழுவதையும் தவறான வழியில் செலவழித்தோம். நேரில் போய் வாதாடினோம்; அக்கா அழுதாள்; அத்தான் கோபப்பட்டார்; மருத்துவரும் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. வாயால் பேசிய எதுவும் கோப்பில் ஏறாது என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. எழுதப்பட்டதை எழுத்தால்தான் மறுக்க முடியும். அதுவும் மருத்துவர்கள் தங்கள் மேசையில் வைத்திருக்கும் அதே நூலின் சொற்களைக் கொண்டு மறுத்தால்தான் அந்த மறுப்பை அவர்களால் ஒதுக்கிவிட முடியாது. இப்படி ஒரு பதிவைச் சுமந்து நிற்கும் திருநர்க்கும், ஆண் பெண் வழக்கங்களுக்கு மாறாக நடப்பதாலேயே மருத்துவரிடம் கொண்டுபோகப்படும் பிள்ளைகளின் பெற்றோர்க்கும் பயன்படட்டும் என்று, தமிழ்நாட்டில் அதை மறுக்கும் வழியை நாங்கள் கற்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

எதை மறுக்கிறோம் என்பதில் தெளிவு

தவறான பதிவு ஒன்றில் பெரும்பாலும் மூன்று வேறு செய்திகள் கலந்து கிடக்கும். முதலாவது, நடை, உடை, விளையாட்டு, பேச்சு ஆகியவற்றில் ஊர் எதிர்பார்ப்புக்கு மாறாக இருப்பது. இது எந்த வகையிலும் நோய் அன்று. இரண்டாவது, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் ஒருவர் தம்முள் உணரும் பாலினமும் பொருந்தாமல் இருப்பது. இதுவும் மனநோய் அன்று, ஆனால் ஹார்மோன் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை போன்ற மருத்துவ உதவி இவர்களில் பலருக்குத் தேவைப்படும். மூன்றாவது, மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் போன்றவை. இவை யாருக்கும் வரக்கூடிய உண்மையான துன்பங்கள், இவற்றுக்குச் சிகிச்சை வேண்டும்.

உங்கள் மறுப்பு முதல் இரண்டையும் நோய்ப் பட்டியலிலிருந்து பிரித்து வெளியே எடுக்க வேண்டுமே தவிர, மூன்றாவதையும் சேர்த்துத் தூக்கி எறியக் கூடாது. பதிவின் மேல் வந்த கோபத்தில், மனச்சோர்வுக்கு உண்மையாகவே தேவைப்பட்ட மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு மிகவும் துன்பப்பட்ட ஒருவரை நான் அறிவேன். மாத்திரை எதுவாக இருந்தாலும், அதை நிறுத்துவதும் குறைப்பதும் வேறொரு மருத்துவரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். பெரிய நகரங்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இரண்டாவது கருத்தை அங்கே செலவின்றிப் பெறலாம். அந்தக் கருத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னால் அதுவே உங்கள் வலுவான சான்றாகும்.

கோப்பின் நகலை வாங்குதல்

ஓ.பி. சீட்டில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மறுப்பு எழுதத் தொடங்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் ஷீட், உளவியல் சோதனை அறிக்கை, பள்ளிக்கோ வேறு மருத்துவருக்கோ எழுதிய கடிதம் என்று அனைத்தின் நகலும் வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தம் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையைச் சிகிச்சை பெற்றவருக்கு வழங்குகிறது. அச்சட்டத்தின் கீழ் 2018இல் வந்த விதிகள் அதற்கென ஒரு படிவத்தையும் 15 நாள் காலக்கெடுவையும் வைத்துள்ளன. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நடத்தை ஒழுங்குமுறைகளோ, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று சொல்கின்றன. உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் மட்டுமே கட்டாயமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே ஒழுங்குமுறைகளில் இருப்பதால், பழைய பதிவு என்றால் காலம் தாழ்த்தாதீர்கள்.

விண்ணப்பத்தில் ஒரு வரியை மறக்காமல் சேர்க்கவும்: ‘இவ்விண்ணப்பத்தை இச்சட்டத்தின் கீழ் அளிப்பது, பதிவில் உள்ள நோயறிதலை நான் ஏற்றுக்கொள்வதாகப் பொருள்படாது.’ மனநோயாளிகளுக்கான சட்டம் என்பதாலேயே அதைப் பயன்படுத்தத் தயங்குவோர் உண்டு. இந்த வரி அந்தத் தயக்கத்தைத் தீர்க்கிறது. தகவலில் ஒரு பகுதி உங்களுக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் என்று கருதினால் மருத்துவர் அந்தப் பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாம். அப்படிச் செய்தால், அதை எதிர்த்து, முறையீடுகளை விசாரிக்க அதே சட்டம் அமைத்த மனநல ஆய்வு வாரியத்திடம் முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதையும் அவரே சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால் இன்னொரு படியில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

அந்த எண்ணை நூலோடு வைத்துப் பார்த்தல்

எங்கள் விஷயத்தில் திருப்பம் வந்தது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எஃப்64 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலான ஐசிடியின் பத்தாம் பதிப்பில், மனநோய்களுக்கான அத்தியாயத்தில் இருந்த எண் வரிசை. எஃப்64.0 பெரியவர்களுக்கு, எஃப்64.2 பிள்ளைகளுக்கு. பத்தாம் பதிப்பிலும்கூட எஃப்64.2க்கான விளக்கத்தைத் தேடிப் படித்தபோது நாங்கள் எதிர்பாராத ஒன்று கிடைத்தது: ஆண் பிள்ளையிடம் காணப்படும் பெண்தன்மையான நடத்தையோ, பெண் பிள்ளையிடம் காணப்படும் ஆண்தன்மையான நடத்தையோ மட்டும் இந்த நோயறிதலுக்குப் போதாது என்று அந்த விளக்கமே வெளிப்படையாகச் சொல்கிறது. கேஸ் ஷீட்டில் இருந்த மூன்று காரணங்களும் அந்த வகையைச் சேர்ந்தவைதாம். அதாவது, அந்த மருத்துவர் சார்ந்து நின்ற பழைய நூலின்படி பார்த்தாலும் அவர் எழுதியது தவறு. அக்காவின் சமையலறை மேசையில் கேஸ் ஷீட்டின் நகலையும் அந்தப் பத்தியின் அச்சுப் படியையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு காரணத்துக்கும் நேரே அந்த வாக்கியத்தின் எண்ணைப் பென்சிலால் குறித்தோம். அந்த இரவுதான் அக்கா முதன்முறையாக அழாமல் பேசினாள்.

பத்தாம் பதிப்பு இன்று அண்மைப் பதிப்பும் அன்று. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பதினோராம் பதிப்பு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பாலின அடையாளக் கோளாறு என்ற தலைப்பு மனநோய் அத்தியாயத்திலிருந்து முற்றாக நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாகப் ‘பாலினப் பொருத்தமின்மை’ என்ற பெயர், பாலியல் நலம் சார்ந்த நிலைகளுக்கான தனி அத்தியாயத்தில் எச்ஏ60, எச்ஏ61 என்ற எண்களோடு வைக்கப்பட்டது. முதலாவது வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும், இரண்டாவது பருவமடையாத பிள்ளைகளுக்கும் உரியது. வழக்கத்துக்கு மாறான பாலின நடத்தையும் விருப்பங்களும் மட்டும் இந்த எண்களைக் கொடுக்கவும் அடிப்படையாகா என்று அங்கேயும் எழுதியிருக்கிறது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தப் பொருத்தமின்மை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்திருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. இருபது நிமிடச் சந்திப்பில் இரண்டு ஆண்டு வரலாற்றை யார் கேட்டார்கள் என்பது உங்கள் கடிதத்தில் இடம்பெற வேண்டிய கேள்வி.

உங்கள் கோப்பில் எண்ணுக்குப் பதிலாக ‘ஜெண்டர் டிஸ்போரியா’ (பாலினம் சார்ந்த மனவேதனை) என்று இருந்தால், மருத்துவர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டைப் பின்பற்றுகிறார் என்று பொருள். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, ‘கோளாறு’ என்ற பழைய பெயரைக் கைவிட்டு இந்தப் பெயரைக் கொண்டுவந்தது. பாலின வழக்கத்துக்கு மாறாக இருப்பது தன்னளவில் மனநோய் அன்று, அதனோடு சேர்ந்த கடும் மனவேதனையே முக்கியம் என்று அப்போது அச்சங்கமே தன் விளக்கக் குறிப்பில் எழுதியது. ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்தால் நீங்கள் தேட வேண்டியது ஒன்றுதான்: சம்பந்தப்பட்டவரின் சொந்த வேதனை எங்காவது பதிவாகியிருக்கிறதா, அல்லது பெற்றோரின் வேதனையும் பள்ளியின் புகாரும் அவருடைய நோயாக எழுதப்பட்டிருக்கின்றனவா? என் கண்ணில் பட்ட தாள்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. மனநோய்களின் கையேட்டுக்குள்ளேயே இந்தப் பெயரை வைத்திருப்பதை எதிர்ப்போரும் உண்டு. நானும் அவர்களோடுதான் நிற்கிறேன். ஆனால் ஒரு கோப்பைத் திருத்துவதற்கு அந்தப் பெரிய வாதம் தேவையில்லை.

இந்த நூல்கள் மாறாதவை என்று யாராவது சொன்னால் வரலாற்றைச் சுருக்கமாக நினைவூட்டுங்கள். 1973 டிசம்பரில் ஓரினச்சேர்க்கையை டிஎஸ்எம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முடிவெடுத்த அதே சங்கம், 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில் பிள்ளைகளின் பாலின அடையாளத்தைப் புதிய கோளாறாகச் சேர்த்தது. அதை எதிர்த்துத் திருநரும் அவர்களோடு நின்ற மருத்துவர்களும் பல ஆண்டுகள் எழுதினார்கள். 2007இல் ஸ்பெயினில் தொடங்கிய இயக்கம் ஒன்று ஒவ்வோர் அக்டோபரிலும் பல நாட்டு நகரங்களில் ஊர்வலம் நடத்தியது. உலக சுகாதார நிறுவனம் முடிவெடுக்கும்வரை காத்திராமல், டென்மார்க் 2017 ஜனவரியிலேயே தன் மனநோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. பதினோராம் பதிப்புக்காக மெக்சிகோ நகரில் 250 திருநரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. அவர்களுடைய மன வேதனையையும் வாழ்க்கைச் சிரமங்களையும் பாலினப் பொருத்தமின்மையைவிடச் சமூகப் புறக்கணிப்பும் வன்முறையுமே வலுவாக விளக்கின என்பது அதன் முடிவு. பட்டப்பெயரைப் பதியாமல் பின்னலைப் பதிந்த எங்கள் கேஸ் ஷீட்டுக்கு இதைவிட நேரான மறுமொழி எனக்குத் தெரியாது.

சட்டத்தில் பற்றிக்கொள்ள வேண்டிய வரிகள்

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாட்டளவிலோ உலக அளவிலோ ஏற்கப்பட்ட மருத்துவத் தரங்களின்படியே மனநோய் தீர்மானிக்கப்பட வேண்டும் என்கிறது அதன் முதல் உட்பிரிவு. ஐசிடியின் அண்மைப் பதிப்பையும் பெயர் சொல்லி அதில் சேர்க்கிறது. சிகிச்சையோடு நேரடித் தொடர்புள்ள நோக்கத்துக்கோ, இச்சட்டமோ வேறு சட்டமோ குறிப்பிடும் விஷயங்களுக்கோ அன்றி, ஒருவரை மனநோயாளி என்று வகைப்படுத்தக் கூடாது என்கிறது இரண்டாம் உட்பிரிவு. பள்ளிக்காகவும் விடுதிக்காகவும் கேட்கப்படும் சான்றிதழ்களை இது நேராகத் தொடுகிறது. ஒருவருடைய சமூகத்தில் நிலவும் ஒழுக்க, சமூக, பண்பாட்டு விழுமியங்களுக்கோ மத நம்பிக்கைகளுக்கோ அவர் ஒத்துப்போகவில்லை என்பது மனநோய்க்கு அடிப்படையாகாது என்கிறது மூன்றாம் உட்பிரிவு. இந்த மூன்றாவதுதான் நம் விஷயத்தின் உயிர்நாடி. பழைய சிகிச்சைப் பதிவு ஒன்று இருப்பது மட்டுமே இன்றைய நோயறிதலை நியாயப்படுத்தாது என்பது நான்காவது. மனநோய் உண்டு என்று தீர்மானித்தாலும் அதனாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் அற்றவர் ஆகிவிட மாட்டார், அதை உரிய நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்பது ஐந்தாவது. 2018 செப்டம்பர் 6 அன்று, ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக வைத்திருந்த 377ஆம் பிரிவு குறித்து உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலும் இந்தச் சட்டம் எடுத்துக்காட்டப்பட்டது.

திருநர் உரிமைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய நால்சா தீர்ப்பு, சட்டப்படியான பாலின அங்கீகாரத்துக்காக ஒருவரை எந்த மருத்துவச் சிகிச்சைக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. பாலின அடையாளம் தன்னளவில் நோயன்று, அதைக் குணப்படுத்தவோ அடக்கவோ கூடாது என்று பன்னாட்டு மனித உரிமை வல்லுநர்கள் வகுத்த யோக்யகர்த்தா கோட்பாட்டையும் அத்தீர்ப்பு எடுத்தாண்டது. நமக்கு இன்னும் அருகில் இருப்பது, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு. திருநரின் பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயலும் எல்லாச் செயல்களையும் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதில் தடை செய்தார். அப்படி முயல்வோரின் தொழில் உரிமத்தைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கவும் சொன்னார். இந்த வாழ்க்கையைப் பற்றித் தமக்குப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே அவர் அந்த உத்தரவை எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில், ‘கன்வெர்ஷன் தெரபி’ எனப்படும் மாற்றுச் சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று மாநில மருத்துவ மன்றங்கள் அனைத்துக்கும் எழுதியது.

கடிதம்

இவ்வளவையும் ஒரே கடிதத்தில் கொட்டக் கூடாது. ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். எழுதியவரைக் குற்றவாளியாக்கும் சொற்கள் வேண்டாம். அவர் தம் பதிவைத் தாமே திருத்துவதற்கு இடம் வைத்து எழுதினால் காரியம் விரைவில் முடியும். முக்கியமான இன்னொன்று: பதிவைக் கிழிக்கவோ அழிக்கவோ கேட்காதீர்கள். மருத்துவப் பதிவை அழிப்பது முறைகேடாகிவிடும் என்பதால் அந்தக் கோரிக்கையை உடனே மறுத்துவிடுவார்கள். தேதியும் கையொப்பமும் இட்ட திருத்தக் குறிப்பு ஒன்றைக் கோப்பில் சேர்க்கும்படி கேளுங்கள். அது அவர்களுக்கும் பழக்கமான நடைமுறை. எங்கள் கடிதத்தின் நடுப்பகுதி இவ்வாறு இருந்தது:

‘தங்கள் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டில் என் மகனுக்கு எஃப்64.2 என்ற நோயறிதல் பதிவாகியுள்ளது. அதற்கு ஆதாரமாகக் குறிக்கப்பட்ட மூன்று செய்திகளும் விளையாட்டு, உடை, முடி ஆகியவை பற்றிய விருப்பங்கள். இத்தகைய நடத்தை மட்டும் போதாது என்று ஐசிடி பத்தாம் பதிப்பின் அதே எண்ணுக்கான விளக்கம் கூறுகிறது. நடப்பிலுள்ள பதினோராம் பதிப்பில் இந்த நோயறிதல் மனநோய் அத்தியாயத்தில் இடம்பெறவே இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அண்மைப் பதிப்பையே குறிப்பிடுகிறது. சமூக விழுமியங்களுக்கு ஒத்துப்போகாமையை மனநோய்க்கு அடிப்படையாகக் கொள்வதையும் தடுக்கிறது. ஆகவே மேற்கண்ட நோயறிதல் திரும்பப் பெறப்பட்டது என்ற திருத்தக் குறிப்பைக் கோப்பில் சேர்த்து, அதன் நகலை எனக்கு வழங்குமாறும், இப்பதிவு எவருக்கேனும் அனுப்பப்பட்டிருந்தால் அவர்களுக்கும் திருத்தத்தைத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் அவன் எதிர்கொண்ட கேலியால் அவனுக்கு ஏற்பட்ட வருத்தத்துக்கு ஆலோசனை தேவைப்பட்டால் அதைப் பெற நாங்கள் ஆயத்தமாக உள்ளோம்.’

கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னவர் ஒரு வழக்கறிஞர். மருத்துவத்தையே மறுக்கும் குடும்பம் என்று எங்களைத் தள்ளிவிட முடியாதபடி அந்த ஒரு வரி செய்தது. தனியார் மருத்துவமனை என்றால் ஆங்கிலப் படி ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.

மறுமொழி வராவிட்டால்

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வகுத்த படிகள் உண்டு: முதலில் மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், அடுத்து மனநல ஆய்வு வாரியம், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையம். மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோ இருந்தவரோ தலைமை வகிக்கும் இந்த வாரியத்தில் மனநல மருத்துவர் மட்டுமின்றி, மனநோயோடு வாழ்ந்தவர்கள், அவர்களைப் பராமரிப்போர், தொண்டு நிறுவனத்தார் ஆகியோரிலிருந்து வரும் உறுப்பினர்களும் இருப்பார்கள். கட்டணம் கிடையாது. சாதாரண விண்ணப்பத்தை 90 நாட்களுக்குள் வாரியம் முடித்துவைக்க வேண்டும். அதன் முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். உங்கள் ஒப்புதலோடு பதிவு பெற்ற தொண்டு நிறுவனமும் உங்களுக்காக விண்ணப்பிக்கலாம் என்பதால், தம் பெயரை முன்னால் வைக்க அஞ்சுவோர் அந்த வழியை எண்ணிப் பார்க்கலாம்.

தவறான பதிவு என்பதோடு நில்லாமல், பாலினத்தை ‘மாற்றித் தருகிறேன்’ என்று மருந்தோ சிகிச்சையோ கொடுத்திருந்தால் அது வேறு வகைப் புகார். மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவ மன்றத்துக்கு எழுத வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை. மருத்துவ உளவியலாளர் என்றால் அவர் பதிவு பெற்றுள்ள இந்திய மறுவாழ்வு மன்றத்துக்கு எழுதுங்கள். எங்கும் பதிவு பெறாமல் ஆலோசகர் என்ற பலகை மட்டும் மாட்டியிருப்பவர் என்றால், பணம் கொடுத்த ரசீது இருக்கும்பட்சத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்.

ஒருவரைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றால்

அப்போது கடிதத்துக்கெல்லாம் நேரமில்லை. வயது வந்த ஒருவரை அவருடைய சம்மதமின்றி மனநல மையத்தில் சேர்க்க அதே சட்டத்தின் 89ஆம் பிரிவு விதிக்கும் நிபந்தனைகள் கடுமையானவை. மனநல மருத்துவர் ஒருவரும், வேறொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ ஒருவரும் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். தமக்குத் தீங்கு செய்துகொள்வது, பிறருக்குத் தீங்கு செய்வது, ஆபத்து நேரும் அளவுக்குத் தம்மையே கவனித்துக்கொள்ள முடியாமல் இருப்பது ஆகிய மூன்றில் ஒன்று மனநோயின் விளைவாக இருக்க வேண்டும். புடவை கட்டியது இந்த மூன்றில் எதிலும் அடங்காது. தோழியோடு வீட்டை விட்டுப் போனதும் அடங்காது. இந்தச் சேர்க்கையை எதிர்க்கும் விண்ணப்பத்தை வாரியம் ஏழு நாட்களுக்குள் முடிக்க வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டாலோ, அந்த இடம் பதிவு பெறாத மையமாக இருந்தாலோ, உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்ய வழக்கறிஞரை அன்றே பாருங்கள். மின் அதிர்ச்சிச் சிகிச்சை என்ற பேச்சு எழுந்தால், மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இன்றி அதைக் கொடுப்பது சட்டத்தால் தடை செய்யப்பட்டது என்பதையும், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்க்கு வாரியத்தின் முன் அனுமதியின்றிக் கொடுக்கவே கூடாது என்பதையும் எழுத்தில் நினைவூட்டுங்கள்.

சிகிச்சை தேவைப்படுவோர் கவனிக்க வேண்டியது

ஹார்மோனுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் மருத்துவரின் கடிதம் கேட்கிறார்கள். காப்பீட்டு நிறுவனமும் ஏதாவது ஒரு நோய் எண்ணைக் கேட்கும். பதிவை முற்றாக நீக்கிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனம் இதை மொத்தமாக நீக்காமல் வேறோர் அத்தியாயத்துக்கு மாற்றியதன் காரணமே இதுதான்: மனநோய் என்ற பழியும் கூடாது, மருத்துவ உதவியும் நிற்கக் கூடாது. எனவே பெரியவர்கள் தங்கள் கடிதத்தில் ‘எஃப்64.0 என்பதைத் திரும்பப் பெறுக’ என்பதோடு நிறுத்தாமல், ‘தேவையான இடத்தில் பதினோராம் பதிப்பின் எச்ஏ60 எனப் பதிக’ என்றும் கேட்கலாம். அந்தச் சிகிச்சை எதுவும் வேண்டாதவர்களுக்கு எந்த எண்ணும் தேவையில்லை. அவர்கள் எதற்கும் மாற்று எண் கேட்க வேண்டியதில்லை.

திருத்தம் கிடைத்த பிறகு

பழைய பதிவு எங்கெல்லாம் போயிற்று என்று ஒரு பட்டியல் போடுங்கள்: பள்ளி, விடுதி, குடும்ப மருத்துவர், காப்பீடு, விவாகரத்து வழக்கில் பிள்ளைப் பொறுப்புக்காக எதிர்த்தரப்பு தாக்கல் செய்த ஆவணங்கள். ஒவ்வொன்றுக்கும் திருத்தக் குறிப்பின் நகல் போக வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி இத்தகவல் இரகசியமானது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த திருத்தக் குறிப்பு நான்கு வரிதான். அந்த மருத்துவமனையின் மூத்த மருத்துவர் பிள்ளையை மீண்டும் ஒரு முறை பார்த்து, அவனோடு முக்கால் மணி நேரம் பேசிவிட்டு எழுதினார்: முந்தைய நோயறிதல் திரும்பப் பெறப்படுகிறது, மனநோய் எதுவும் இல்லை, பள்ளியில் கேலிக்கு உள்ளாகிறான், அதைப் பள்ளி கவனிக்க வேண்டும். அக்கா அதன் நகலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய், முன்பு கொடுத்த சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்ததற்குத் தலைமையாசிரியரிடம் கையொப்பமும் பெற்று வந்தாள். இப்போது அந்தக் குறிப்பின் அசல் படி, பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தோடு ஒரே உறையில் அவள் பீரோவில் இருக்கிறது.